மாந்தோப்பை விற்றுச் சேனல் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா 1994-லிருந்து கேபிள் டி.வி. நடத்துகிறார். ஒரு காலத்தில் 600 இணைப்புகள் இருந்தன, இப்போது 150கூட இல்லை. அமெரிக்காவில் சார்லி எர்கன் என்பவர் வண்டியில் டிஷ் ஆன்டெனா விற்று, கடைசியில் சொந்தமாகச் சாட்டிலைட்டே விட்டார் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு ஏக்கர் மாந்தோப்பை விற்று, நம் மாவட்டத்துக்கென்று ஒரு சாட்டிலைட் சேனல் தொடங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு மாதமாக அவர் என்னோடு பேசுவதில்லை. நான் கேட்டது தப்பா?

- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கேட்டது தப்பே இல்லை, தம்பி. ஆனால் தோப்பை விற்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவசரத்தில் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது.

எர்கன் கதையை நானும் படித்திருக்கிறேன். 1980-இல் அவர், அவருடைய மனைவி, ஒரு நண்பர் என்று மூன்று பேராகத் தொடங்கினார்கள். கொலராடோ மாநிலத்தில் கேபிள் போகாத பண்ணை வீடுகளுக்குப் பெரிய டிஷ் விற்றார்கள். கையில் இருந்ததே இரண்டு டிஷ். அதில் ஒன்று வழியில் வண்டியிலிருந்து விழுந்து வீணாய்ப் போனதாகச் சொல்வார்கள். சரி, அவருடைய முதல் சாட்டிலைட் எப்போது மேலே போனது தெரியுமா? 1995 டிசம்பர் 28. நடுவில் பதினைந்து வருடம் டிஷ் விற்பதும் மாட்டுவதும்தான் பிழைப்பு. எந்த வீட்டுக்காரர் என்ன கேட்பார், எதற்குக் காசு கொடுப்பார் என்று கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பதினைந்து வருடத்தில்தான். படிக்கும்போது நீங்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

மற்றவர்களையும் பாருங்கள். டெட் டர்னருக்கு அப்பா விட்டுப்போன விளம்பரப் பலகைத் தொழில் இருந்தது. 1970-இல் அட்லாண்டாவில் ஒரு நலிந்த டி.வி. நிலையத்தை வாங்கினார். அதை 1976-இல் சாட்டிலைட்டில் ஏற்றினார். அவருடைய சி.என்.என். செய்திச் சேனல் வந்தது அதற்கப்புறம், 1980-இல். நம் நாட்டில் சுபாஷ் சந்திரா 1992-இல் ஜீ டி.வி. தொடங்கும்போது, பற்பசைக்கு ட்யூப் செய்யும் தொழில் அவருக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

கைக்காசைப் பணயம் வைத்தவரும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ரெனே அன்செல்மோ என்பவர் ஸ்பானிய மொழி டி.வி.யில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துச் சம்பாதித்ததைப் போட்டு பான்ஆம்சாட் என்ற சாட்டிலைட் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு விட்டு நாடு ஒளிபரப்பும் சாட்டிலைட் என்றால் பெரும்பாலும், பல நாடுகள் சேர்ந்து நடத்திய இன்டெல்சாட்தான் என்றிருந்த காலம் அது. 1988 ஜூன் 15-இல் ஏரியான் 4 ராக்கெட்டின் முதல் பயணத்தில் அவருடைய சாட்டிலைட் போனது. முதல் பயணம் என்பதால் கட்டணம் குறைவு, பயம் அதிகம். ராக்கெட் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, அதனால் அவர் கதையை நாம் படிக்கிறோம். ஒன்றைக் கவனியுங்கள். இருபது வருடம் ஊறிய தொழிலில்தான் அவர் அந்தப் பணத்தைப் போட்டார்.

உங்கள் கணக்குக்கு வருவோம். செய்தி அல்லாத ஒரு சேனலுக்கு அனுமதி கேட்கவே நிறுவனத்துக்கு 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். செய்திச் சேனல் என்றால் 20 கோடி. அதற்கு மேல் ட்ரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட்டில் சேனலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாடகை, நிகழ்ச்சிச் செலவு, ஆட்களுக்குச் சம்பளம். இதெல்லாம் மாதாமாதம் வந்து நிற்கும். இரண்டு ஏக்கர் காசு எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தோப்போ வருடா வருடம் தை, மாசியில் பூக்கும். சில வருடம் கூழ் ஆலைக்காரர்கள் பெங்களூரா மாங்காய்க்கு அடிமாட்டு விலை சொல்வார்கள்தான். இருந்தாலும் மரம் நிற்கும்.

அப்பா ஏன் பேசவில்லை என்று நினைக்கிறீர்கள்? நான் தர்மபுரிக்காரி. எங்கள் தெரு கேபிள்காரரை வைத்து உங்கள் அப்பாவை என்னால் ஊகிக்க முடிகிறது. மாதம் பிறந்தால் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். ப்ளஸ் டூ பரீட்சை நெருங்கினால் அம்மாக்கள் அவரை வாசலில் மடக்கி, "அண்ணா, ஏப்ரல் வரைக்கும் எங்க வீட்டு லைனைக் கழட்டிடுங்க. அவன்கிட்ட கேபிள் அறுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க" என்பார்கள். அவரும் ஏணி போட்டு ஏறிக் கழற்றிவிட்டு, பையன் வந்து கேட்டால் முகம் மாறாமல் அதையே சொல்வார். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் நேராகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும் சில நிமிடங்கள் படம் புள்ளி புள்ளியாகிவிடும். தெருவே அவரைத் திட்டும். அவர் பாவம், மொட்டை மாடியில் டிஷ் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் அப்பாவும் முப்பது வருடமாக இப்படித்தான் உழைத்திருப்பார். போன 450 வீடுகளில் ஒவ்வொன்றும் எந்த மாதம் போனது என்று அவருக்குத் தெரியும். இந்த நேரத்தில் தோப்பையும் விற்கலாமா என்று மகன் கேட்டால், இருப்பதும் போகிறதே என்றுதான் அவருக்குக் கேட்கும்.

ஆனால் அவர் கையில் இருப்பது சின்னச் சொத்து இல்லை. எந்தக் கம்பம் எந்தச் சந்தில், யார் வீட்டு மாடி வழியாக ஒயர் போகலாம், யாரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளியூர் கம்பெனிக்காரன் எவ்வளவு கொட்டினாலும் இதை வாங்க முடியாது. அதே வீடுகளுக்கு இன்று தேவைப்படுவது இணையம். பி.எஸ்.என்.எல். உட்படப் பல நிறுவனங்கள் உள்ளூர் கேபிள்காரர்களைக் கூட்டாளியாகச் சேர்த்துத்தான் ஃபைபர் இணைப்பு கொடுக்கின்றன. பழைய கேபிளில் சில நூறு மீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும், கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். ஃபைபரில் நடுவழியில் கரண்டே தேவையில்லை. ஒரே இழையைப் பிரித்து 32 வீடுகளுக்குக் கொடுக்கலாம். நீங்கள் முதலில் கற்க வேண்டியது ஸ்ப்ளைசிங். தலைமுடி தடிமனில் இருக்கும் கண்ணாடி இழையை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டும் வேலை. கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுங்கள்.

சேனல் ஆசையையும் விட வேண்டாம். உங்கள் பக்கம் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடக்கிறது, மாசியில் மயானக் கொள்ளை நடக்கிறது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாராலும் திருவிழாவுக்கு வந்துவிட முடிவதில்லை. கூத்துக்காரர்களிடம் அனுமதி வாங்கி, அவர்களுக்கு உரிய பணமும் பேசிக் கொடுத்து, இரண்டு கேமரா, ஒரு நல்ல மைக் வைத்து விடியும்வரை யூடியூபில் நேரலை விடுங்கள். யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். எர்கனுக்கு அந்தப் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் உங்களுக்கு இங்கே தொடங்கும்.

அப்பாவிடம் போய் மன்னிப்பு என்றெல்லாம் பெரிதாக ஆரம்பிக்காதீர்கள். இந்த ஞாயிறு அவர் வசூலுக்குக் கிளம்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, நெட் கனெக்‌ஷன் வைத்திருக்கிறார்களா, மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை அவரிடமே கொடுத்து, எந்தத் தெருவில் முதலில் இழுக்கலாம் என்று கேளுங்கள்.