கேமரா கேள்வி பதில்: வெப்சைட் போட்டா ஆர்டர் வருமா?

கேள்வி: அண்ணா, ரெண்டு வருஷமா ஒரு ஸ்டுடியோவுக்கு செகண்ட் கேமராவா போயிட்டிருந்தேன், இப்போ தனியா கல்யாண ஆர்டர் எடுக்கலாம்னு கேமராவும் ரெண்டு லென்ஸும் வாங்கிட்டேன். இன்ஸ்டாவுல 300 சொச்சம் ஃபாலோயர்ஸ், பாதி பேர் காலேஜ் பசங்க. ஒருத்தர் 40,000 குடுத்தா வெப்சைட் போட்டுத் தர்றேங்கிறார். போடலாமா? ஸ்டுடியோவுக்காக எடுத்த படங்களை அதுல வைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தக் காசுக்கு நல்ல ஃப்ளாஷ் ஒண்ணும் மெமரி கார்டும் வாங்குங்க தம்பி. வெப்சைட் வேணாம்னு சொல்லல, அது எதுக்குன்னு புரிஞ்சிக்கிட்டா அவ்வளவு செலவாகாது. மண்டப மேனேஜரோ மேக்கப் போடுற அக்காவோ "இந்தப் பையன் நல்லா எடுப்பான்"னு உங்க நம்பரைக் குடுப்பாங்க, பொண்ணோட அப்பா அதை மகளுக்கு அனுப்புவாரு, அந்தப் பொண்ணு ராத்திரி 11 மணிக்கு போன்ல உங்க பேரைப் போட்டுத் தேடும். அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் வெப்சைட். நம்மள மாதிரி ஆளுங்களை எப்படி எடுத்திருக்கான், எந்த ஊரு, எவ்வளவு ஆகும், இதான் அது பாக்கும். ஒரே பக்கத்துல முடிச்சிரலாம். படம் எடிட் பண்ற லைட்ரூம், போட்டோஷாப் சேர்ந்த அடோப் ப்ளானுக்கு ஏற்கெனவே காசு கட்டுறீங்கன்னா அதுலயே வெப்சைட் போடுற அடோப் போர்ட்ஃபோலியோ இருக்கு, தனியா கட்ட வேண்டாம். டொமைனுக்கு, அதாவது வெப்சைட் அட்ரஸுக்கு மட்டும் வருஷம் 1,000 ரூபா வாக்குல ஆகும்.

அந்த டொமைனை உங்க மெயில்ல, உங்க கையால பதிவு பண்ணுங்க. எனக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தவர் அவரோட மெயில்ல பதிஞ்சிட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு ரின்யூவல் மெயில் அவருக்குப் போயிருக்கு, அவரு அதுக்குள்ள வேற தொழிலுக்குப் போயிட்டாரு, டொமைன் கைவிட்டுப் போச்சு. அந்த அட்ரஸ் அச்சடிச்ச விசிட்டிங் கார்டு ஒரு கட்டு இன்னும் பரண் மேல கிடக்கு. பேர் வைக்கிறப்பவும் ஒண்ணு பாருங்க, 'எழில்'னு வச்சா தமிழ்ல அழகா இருக்கும், ஆனா இங்கிலீஷ்ல டைப் பண்றவங்க ழ-வுக்கு இசட்ஹெச் போடுவாங்களா எல் போடுவாங்களான்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தர் போன்ல சொல்லி இன்னொருத்தர் தப்பில்லாம அடிக்கிற பேரா பாருங்க.

படம் 25 போதும். மலை மேல சன்செட்ல கை கோத்து நிக்கிற ப்ரீ வெட்டிங் ஷாட் எல்லார்கிட்டயும் இருக்கு. தாலி கட்டுறப்போ நாலாபக்கமும் அட்சதை பறக்கும், பின்னாடி எல்இடி வால் ஊதாவா அடிக்கும், வீடியோக்காரர் லைட்டு ஒரு பக்கம், நாத்தனார் கை குறுக்கால, இத்தனைக்கும் நடுவுல பொண்ணு முகம் தெளிவா விழுந்த ஒரு ஃப்ரேம் இருக்கா? அதை முதல்ல வைங்க. நீள பக்கம் 2048 பிக்சல், 400 கேபி-க்குள்ள எக்ஸ்போர்ட் பண்ணுங்க, கலர் செட்டிங்ல எஸ்ஆர்ஜிபி வைங்க. இன்னொரு செட்டிங்கான அடோப் ஆர்ஜிபில ஏத்தினா சில போன்ல நலங்கு வச்ச முகமே சோகை புடிச்ச மாதிரி தெரியும். குறுக்கால பெரிய வாட்டர்மார்க் தயவுசெஞ்சு வேணாம்.

ஸ்டுடியோ படம் விஷயம் நல்ல வேளை கேட்டீங்க. நாமதான எடுத்தோம், நம்மளதுன்னு நினைக்கிறோம். 1957 காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டம் 17வது பிரிவுல, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற ஒப்பந்தம் இல்லாட்டி எடுக்கச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர்னு இருக்கு. அதனால கல்யாண வீட்டுல ஒரு வார்த்தை, ஸ்டுடியோ ஓனர்கிட்ட ஒரு வார்த்தை, ரெண்டும் வாட்ஸ்அப்லயாவது எழுத்துல இருக்கட்டும். சொல்லாம போட்டு அந்த ஓனர் பகையாயிட்டா திண்டுக்கல் மாதிரி ஊர்ல தாங்காது, சீசன்ல அவருக்கு ஒரே முகூர்த்தத்துல மூணு ஆர்டர் வந்தா ஒண்ணைத் தள்ளி விடப்போறது உங்களுக்குத்தான். இனி உங்க சொந்த ஆர்டர் ஃபார்ம்ல "விளம்பரத்துக்குப் படம் பயன்படுத்த சம்மதம் / சம்மதமில்லை"ன்னு ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்கிருங்க. இல்லைன்னு டிக் பண்ணா விட்டுருங்க, கெஞ்சாதீங்க.

இதெல்லாம் ஆடி மாசத்துல உக்காந்து செய்ற வேலை. வைகாசி முகூர்த்தத்துக்கு நடுவுல ஆரம்பிச்சா ஆல்பம் டெலிவரியும் போச்சு, வெப்சைட்டும் பாதில நிக்கும்.

கேள்வி: எனக்குக் கடை கிடையாது, வீட்டுலதான் எடிட்டிங். கூகுள் மேப்ல பேர் வர வைக்க முடியுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: முடியும்மா, காசும் கிடையாது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல அட்ரஸை மறைச்சிட்டு எந்தெந்த ஊருக்குப் போவீங்கன்னு மட்டும் குடுக்கலாம். பொம்பளைங்க வீட்டு விலாசம் ஊருக்கே தெரிய வேண்டாம்னு நினைக்கிறது நியாயம்தான். படம் ஏத்துறதுக்கு முன்னாடி அதுல லொகேஷன் பதிஞ்சிருக்கான்னும் பாத்து அழிச்சிருங்க.

கேள்வி: கூகுள்ல ரிவ்யூ போட்டா ஆல்பத்துல 1,000 ரூபா கம்மின்னு சொல்றேன், தப்பா?
– வாசகர், சேலம்

பதில்: கூகுள் ரூல்படி தப்புதான், கண்டா ரிவ்யூவைத் தூக்கிருவாங்க. ஆல்பம் குடுக்கப் போறப்போ காபி குடுப்பாங்கல்ல, அவங்க பக்கத்தைப் புரட்டிக்கிட்டு இருக்கப்பவே லிங்க்கை அனுப்பிட்டு "நேரம் கிடைக்கிறப்போ ரெண்டு வரி எழுதுங்கம்மா"ன்னு சொல்லிட்டு வந்துருங்க.