பரீட்சை நேரத்தில் துயரமும் நோயும்: புள்ளி கூட்டித் தருவார்களா?

கேள்வி: மகன் இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை எழுதிக்கொண்டிருக்கிறான். கணித இரண்டாம் தாளுக்கு மூன்று நாள் முன்பு யாழ்ப்பாணத்தில் அவனுடைய அப்பம்மா காலமானார். அழுதழுது போய்த்தான் எழுதினான். இதற்குப் புள்ளி கூட்டுவார்களா? எவ்வளவு?
– ஒரு தாய், ஹரோ

பதில்: எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். கூட்டுவார்கள், ஆனால் பெற்றோர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக. இங்கிலாந்தின் பரீட்சைச் சபைகள், அவற்றின் கூட்டமைப்பான ஜே.சி.கியூ. வகுத்த ஒரே விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. உச்ச அளவு 5 வீதம். பெற்றோர், உடன்பிறந்தோர் போன்றவர்கள் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் இறந்திருந்தால் அது கிடைக்கும். விரிந்த குடும்பத்தில் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த இறப்புக்கு 4 வீதம். தாத்தா பாட்டிமார் வழக்கமாக இதில்தான் அடங்குவார்கள். அப்பம்மா உங்களோடு ஒரே வீட்டில் இருந்து அவனை வளர்த்தவர் என்றால் அதையும் பாடசாலைக்கு எழுதுங்கள்.

இந்த வீதம் மகன் எடுத்த புள்ளியில் கணக்கிடப்படுவதில்லை, தாளின் முழுப்புள்ளியில் கணக்கிடப்படும். எடெக்செல் என்ற சபையின் கணிதத்தில் ஒரு தாளுக்கு 80, மூன்று தாளுக்கும் 240. 80இல் 4 வீதம் என்றால் மூன்று புள்ளிக்குச் சற்று மேல். கிரேடின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிது. மற்றவர்களுக்குக் கிரேடு மாறாமலே போகலாம்.

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்: கூடுதல் புள்ளி தாள் தாளாகத்தான் சேரும். துக்கம் கணித இரண்டாம் தாளோடு முடிந்துவிடாது. அந்த வாரமும் அடுத்த வாரமும் அவன் எழுதும் ஒவ்வொரு தாளும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சபைக்கு நேரே எழுத முடியாது, பாடசாலைதான் அனுப்ப வேண்டும். வகுப்பாசிரியரிடம் வாய்வழியாகச் சொன்னது பரீட்சை அலுவலருக்குப் போய்ச் சேராமலே விடுவதுண்டு. ஆகவே அலுவலருக்கே இன்று மின்னஞ்சல் எழுதுங்கள். மகனின் பெயர், பரீட்சை எண், உறவுமுறை, இறந்த திகதி, பாதிக்கப்பட்ட தாள்களின் பெயரும் திகதியும், இவ்வளவும் போதும். மரணச் சான்றிதழ் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பிறகு கொடுக்கலாம். பெறுபேறு வந்த பிறகு கேட்டால் அநேகமாக ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: மகளுக்கு அவசரமாகக் குடல்வால் சத்திரசிகிச்சை. ஒரு வேதியியல் தாளை எழுதவே முடியவில்லை. ஆசிரியர் கணித்த கிரேடைக் கொடுப்பார்களா?
– ஒரு தந்தை, லெஸ்டர்

பதில்: கணித்த கிரேடைப் பார்க்கவே மாட்டார்கள். அந்தப் பாடத்தின் மொத்த மதிப்பீட்டில் குறைந்தது 25 வீதத்தை அவர் எழுதி முடித்திருந்தால், எழுதிய தாள்களில் எடுத்த புள்ளியை வைத்து விடுபட்ட தாளுக்கு ஒரு புள்ளியைக் கணக்கிடுவார்கள். ஆகவே மீதித் தாள்களை எப்படியாவது எழுதச் சொல்லுங்கள். உட்கார முடியாவிட்டால் வீட்டிலோ மருத்துவமனையிலோ எழுத ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாடசாலையிடம் கேளுங்கள். சத்திரசிகிச்சையை அண்டிய நாட்களில் எழுதும் தாள்களுக்குத் தனியாக 4 வீதம் வரை கேட்கலாம். மருத்துவமனை தரும் வெளியேற்றக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே தாளுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது: எழுதினால் வீதம், எழுதாவிட்டால் கணக்கீடு.

கேள்வி: வேதியியல் ஆசிரியர் நடுவில் விலகி மாதக்கணக்காகப் பாடமே நடக்கவில்லை. அதோடு சித்தியின் கலியாணத்துக்குச் சென்னை போனதில் ஒரு தாள் தவறிவிட்டது. விண்ணப்பிக்கலாமா?
– ஒரு மாணவி, குரொய்டன்

பதில்: இரண்டுக்கும் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை, கற்பித்தலின் தரம், வீடு மாறியது, விடுமுறை, கலியாணம், நேரசூசியைத் தவறாக வாசித்தது எல்லாம் விதியிலேயே விலக்கப்பட்டவை. கூடுதல் புள்ளி தரும் இந்த ஏற்பாடு பரீட்சை வேளையில் நேர்ந்த பாதிப்புக்கு மட்டும்தான். பாடம் நடக்காத குறையை அதிபரிடம் எழுத்தில் முறையிடுவதே சரியான வழி. கலியாண நாள் குறிக்கும் பெரியவர்கள் மே, ஜூன் மாதங்களில் பிள்ளைகளின் நேரசூசியை முதலில் பார்க்க வேண்டும் என்று இங்கே வலியுறுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: மகரந்த ஒவ்வாமையால் மகன் தும்மிக்கொண்டே எழுதினான். இதுவும் சேருமா?
– ஒரு தாய், மில்டன் கீன்ஸ்

பதில்: சேரும், 1 வீதம். அன்றைக்கே மண்டப மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தால் பாடசாலைக்கு அதை உறுதிப்படுத்துவது சுலபம். மிச்சத் தாள்களுக்குத் தூக்கத்தை வரவழைக்காத ஒவ்வாமை மாத்திரை எதுவென்று மருந்தாளரிடம் கேட்டு, பரீட்சை இல்லாத ஒரு நாளில் முதலில் கொடுத்துப் பாருங்கள்.