மூன்றரை மணி பஸ்ஸும் நாலு மணி வகுப்பும்

கேள்வி: மதுரை–மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். முதலாமாண்டில் பலருக்குப் பின்னமும் சதவீதமுமே தடுமாறுகிறது. நாலு மணிக்கு மேல் ரெமிடியல் கிளாஸ் வைத்தோம். முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள், மூன்றாவது வாரம் ஆறு பேர். அக்கறையே இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது?
— ஒரு விரிவுரையாளர், மேலூர்

பதில்: அக்கறை இல்லை என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள் சார். அந்தப் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கொட்டாம்பட்டி பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் என்றால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான், பெண் பிள்ளைக்கு அதற்குள் வீட்டிலிருந்து நாலு போன் வந்துவிடும், பையன்களில் நிறையப் பேர் சாயந்திரம் ஜவுளிக் கடைக்கோ பரோட்டாக் கடைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். அதோடு நோட்டீஸ் போர்டில் 'ரெமிடியல்' என்று பெயர்ப் பட்டியல் ஒட்டினால் எந்தப் பிள்ளைக்குத்தான் கூச்சமாக இருக்காது?

இன்னொன்று. இன்று கல்லூரியில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது ஆறாவது, ஏழாவது, எட்டாவது படித்துக்கொண்டிருந்தவர்கள். சதவீதமும் விகிதமும் கையில் படிய வேண்டிய வயதில் வகுப்பறையே இல்லாமல் போனது, அது அவர்கள் தப்பு இல்லை.

அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகள், இந்த விஷயத்தில் ரொம்பக் காலம் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. சேர்ந்ததும் ஒரு பரீட்சை வைப்பார்கள். தேறாதவர்கள் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படைப் பாடங்களை, சில பேர் இரண்டு மூன்று செமஸ்டர் கூட, ஃபீஸ் கட்டிப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2010-ல் பார்த்தபோது, அந்தப் படிகளை முழுசாக ஏறி முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஃபெயில் ஆகி நின்றவர்களைவிட, முதல் படியிலேயே சேராதவர்களும் ஒன்றைப் பாஸ் பண்ணிவிட்டு அடுத்ததில் சேராமல் போனவர்களும்தான் அதிகம். படிப்பு வராமல் போனதைவிடப் பாதை நீண்டுபோனதுதான் அவர்களை வெளியே தள்ளியிருக்கிறது.

மேரிலாந்தில் பால்டிமோர் கவுண்டி கல்லூரிக்காரர்கள் 2007-ல் வேறு மாதிரி செய்தார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளை எல்லோரோடும் வழக்கமான வகுப்பிலேயே உட்காரவைத்து, அந்தச் சிலருக்கு மட்டும் அதே ஆசிரியர் இன்னொரு வகுப்பு எடுத்தார். அப்புறம் கலிஃபோர்னியா 2017-ல் சட்டமே போட்டது: எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை உயர்நிலைப்பள்ளி மதிப்பெண்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், கூடுமானவரை ஒரே ஆண்டுக்குள் பட்டத்துக்கான கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கிற மாதிரி வழி செய்ய வேண்டும் என்று.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நாலு மணி வகுப்பை விட்டுவிட்டு, வாரம் இரண்டு பீரியடை டைம்டேபிளுக்குள்ளேயே கேட்டு வாங்குங்கள், முதல்வர் தயங்கினால் அந்த ஆறு பேர் கதையை அப்படியே சொல்லுங்கள். நீங்களே நடத்துங்கள், கெஸ்ட் லெக்சரர் தலையில் கட்ட வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைகள் நொந்துவிடுவார்கள். நாளைக்குக் கூட்டு வட்டி நடத்தப் போகிறீர்களா, இன்றைக்குச் சதவீதம் மட்டும், அதுவும் ஆடித் தள்ளுபடி பில்லை வைத்து. பின்னம் எப்போது தேவையோ அப்போது பின்னம்.

கேள்வி: நம் ஊர் சமுதாயக் கல்லூரியும் அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜும் ஒன்றா?
— வாசகர், தெப்பக்குளம்

பதில்: பெயர்தான் ஒன்று. அங்கே இரண்டாண்டு படித்துவிட்டு அப்படியே பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இங்கே 1995-ல் புதுச்சேரியில் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் தொழில் பயிற்சிதான்.

கேள்வி: என் மகள் உசிலம்பட்டியிலிருந்து தினம் மதுரைக்குப் போய்ப் படிக்கிறாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் இரண்டு அரியர் விழுந்துவிட்டது, படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறாள்.
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: நிறுத்த விடாதீர்கள் அம்மா. இரண்டு அரியர் திரும்ப எழுதித் தேறக்கூடிய விஷயம், பாதியில் விட்ட படிப்பை மறுபடி தொடங்குவதுதான் கஷ்டம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரயில், பஸ்ஸுக்குப் பாஸ், புத்தகத்துக்கு உதவி, தனியாகச் சொல்லித்தர ஆள், எல்லாவற்றுக்கும் மேலாக அடிக்கடி கூப்பிட்டு 'எப்படிப் போகிறது' என்று கேட்க ஒரு ஆலோசகர். குலுக்கலில் அந்தத் திட்டம் கிடைத்த பிள்ளைகளில் மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் 40 சதவீதம், கிடைக்காதவர்களில் 22. எல்லாருமே அடிப்படைப் பாடத்தில் பின்தங்கிச் சேர்ந்தவர்கள்தான். கேட்க ஒரு ஆள் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம். உங்கள் மகளுக்கு அந்த ஆளைக் கல்லூரி தரவில்லை என்றால் நாம் தேட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் நீங்களும் அவளோடு ஆரப்பாளையத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போங்கள். ஆங்கில மிஸ்ஸைப் பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் இவள் ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தால் திருத்தித் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். வரும்போது ஆபீசில் அரியர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.