நரிக்கு எதற்கு வழித்தடம்?

அன்புள்ள ஐயா,

யானை வழித்தடங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் புதுச்சேரியில் பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறேன். இங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. இருப்பது காட்டுப்பன்றியும் மயிலும்தான், இரண்டும் பயிரை நாசம் செய்கின்றன. நீலகிரி சீகூரில் கட்டடங்களைக் காலி செய்யச் சொன்ன மாதிரி, நாளைக்கு இங்கேயும் வழித்தடம் என்று கோடு போட்டால் எங்கள் நிலம் என்ன ஆகும்? சமவெளிக்கு இதெல்லாம் தேவையா?

பாகூர் விவசாயி ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலத்தை நம்பி வாழ்கிறவருக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். சீகூர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது யானைகளுக்காகத் தமிழக அரசு 2010-ல் அறிவித்த வழித்தடத்தை. மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட பட்டியலில் 150 யானை வழித்தடங்கள் இருக்கின்றன. கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒன்றுகூட இல்லை. உங்கள் பட்டா நிலத்தை நான் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் சமவெளிக்கு வழித்தடம் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. நரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு எல்லாம் நம்மோடு இருப்பவைதான். அவற்றுக்கென்று பெரிய காடு இங்கே இல்லை. ஏரிக்கரை, கோயில் காடு, முந்திரித் தோப்பு, பெண்ணையாற்றுப் படுகை என்று துண்டு துண்டாகக் கிடக்கிற இடங்களில் ஒண்டி வாழ்கின்றன. நரிக்குட்டி வளர்ந்ததும் வேறு இடமும் துணையும் தேடிப் போயாக வேண்டும். போக வழியில்லை என்றால் ஒரே குடும்பத்துக்குள் இனம் பெருகி வம்சம் நலிந்துபோகும். நாய்களிடமிருந்து ஒரு நோய் தொற்றினால் மொத்தமும் அழியும், அந்த இடத்துக்கு வெளியிலிருந்து இன்னொரு நரி வந்து சேரவும் முடியாது. இழப்பு நரிக்கு மட்டுமல்ல. வயலில் எலி பிடிப்பதும் மயில் முட்டையைத் தின்பதும் அதுதானே?

அது போகிற வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பங்காரு வாய்க்காலைச் சொல்கிறேன். அதை வெட்டியதாகச் சொல்லப்படும் சிங்காரி, பங்காரி சகோதரிகளின் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனையும் நொச்சியும் புதருமாக ஒரு வாய்க்கால் கரை இருந்தால், இரவில் நரியும் மரநாயும் ஊருக்குள் நுழையாமல் அதை ஒட்டியே போய்விடும். வாய்க்கால், ஓடை, ஏரிக்கரை எல்லாமே பொது நிலம். புதிதாக ஒரு சென்ட் கூட எடுக்க வேண்டாம்.

தண்ணீருக்குள்ளும் பயணம் நடக்கிறது. விலாங்கு கடலில் பிறந்து, ஆறேறி வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே திரும்புகிற மீன். அதன் குஞ்சு ஈரமான சொரசொரப்பான சரிவில் ஊர்ந்து ஏறிவிடும். வழவழப்பான செங்குத்துச் சுவரில் ஏறாது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தூர்வாருகிறோம் என்று கரையை மொட்டையடிக்கிறார்கள், அப்புறம் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிப் பெட்டி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். தண்ணீர் விரயமாகாது என்பது சரிதான். உள்ளே விழுந்த ஆமையும் கீரியும் எப்படி ஏறி வரும்? இடையிடையே ஒரு சரிவு விட்டால் போதும், பெரிய செலவு இல்லை.

சாலைக்கும் இதே கதைதான். விழுப்புரம்–நாகை நான்குவழிச் சாலை வயல்வெளியை அறுத்துக்கொண்டு போகிறது. பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும், விலங்குகள் அடியில் கடந்து போக ஒன்பது இடங்களில் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். புலி முதல் முயல் வரை அவற்றைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். வாய்க்காலுக்கான சிறுபாலத்தைக் கொஞ்சம் அகலமாகக் கட்டி, ஓரத்தில் தண்ணீர் ஏறாத ஒரு திண்டு விட்டால் நரி அதில் நடந்து போய்விடும்.

பன்றி விஷயத்துக்கு வருகிறேன். அது செய்கிற அழிவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உரிய இழப்பீடு காலத்தோடு உங்கள் கைக்கு வர வேண்டும். ஆனால் பன்றி பகலில் பதுங்குவது சீமைக்கருவேலம் புதரிலும் கரும்புக்குள்ளும். கரையில் சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டுப் பனையும் நொச்சியும் வைத்தால் அது பதுங்குகிற இடம் குறையும், நரிக்கும் வழி கிடைக்கும். வேலியில் மின்சாரம் மட்டும் பாய்ச்சாதீர்கள், மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

வாய்க்கால் வேலை அடுத்த முறை தொடங்கும்போது உங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒரு கரையாவது மண்கரையாக இருக்கட்டும், சுவர் கட்டுகிற இடத்தில் சரிவு விடுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்.