பட்டியலில் பெயர் ஏறும் முன்பே தவறிப்போகிறவர்கள்

"உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலைக் கணினிதானே கவனிக்கிறது, அதற்கு இனமும் மொழியும் தெரியுமா? இதைக் குறைக்க ஆராய்ச்சியாளர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை, செய்துகொண்ட ஒருவரின் மகள். அப்பா சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நீரிழிவு அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கையில் ஊசியோடு படுத்திருப்பார். அவரைப் பற்றிச் சொன்னால்தான் ஆராய்ச்சியாளர்களின் வேலை எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்ல முடியும்.

எனக்கு அப்போது இருபது வயது. மருத்துவச் சந்திப்புகளுக்கு நான்தான் உடன் போவேன். ஒரு நாள் மருத்துவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசினார். காத்திருப்போர் பட்டியல், உயிரோடு இருக்கும் உறவினர் தரும் சிறுநீரகம், அதற்கான பரிசோதனைகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா சொல்கிறார்?" நான் சொன்னது ஒரே வரி: "பட்டியலில் பேர் போடலாமாம் அப்பா, ரொம்ப வருஷம் ஆகுமாம்." மற்றது எனக்கே முழுதாகப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். அப்பா தலையாட்டினார். 'நோயாளிக்கு விளக்கப்பட்டது' என்று கோப்பில் பதிந்திருப்பார்கள்.

நீங்கள் கேட்ட ஏற்றத்தாழ்வு அந்த அறையிலேயே நடந்துவிட்டது. கணினியின் கண்ணில் அது படாது. பட்டியலில் இருப்பவர்களை நேர்மையாக வரிசைப்படுத்துவதுதான் கணினியின் வேலை. பட்டியல் வரைக்கும் நடந்து வரவேண்டிய படிகள் பல: நோய் கண்டறிவது, உறுப்பு மாற்றுச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவது, பரிசோதனைகளை முடிப்பது, தானம் தருபவரைத் தேடுவது. எந்தப் படியில் யார் தவறி விழுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர்கள்தான் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள்.

சில வேளைகளில் படியே கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது இது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். 2009இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 16 விழுக்காடு கூட்டிக் காட்டியது. அவர்களுக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பட்டியலில் காத்திருப்புக் காலம் சேர வேண்டுமானால், அந்த எண் 20க்கு இறங்க வேண்டும். ஒரே வயது, ஒரே கிரியாட்டினின் அளவு. ஆனாலும் வெள்ளையருக்கு 19 என்று வரும் இடத்தில் கறுப்பினத்தவருக்கு 22 என்று வரும். முதலாமவரின் காத்திருப்பு இன்றே தொடங்கும். இரண்டாமவர் சிறுநீரகம் இன்னும் கெட்டுப்போன பிறகு வர வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, ஒரு பெருக்கல் எண் செய்த வேலை!

2021இல் அங்குள்ள சிறுநீரக அமைப்புகள் கூட்டாக அமைத்த குழு, இனத்தைக் கணக்கில் சேர்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2022இல் உறுப்பு ஒதுக்கீட்டு விதிகளிலிருந்து இனக் கணக்கு நீக்கப்பட்டது. அதோடு நின்றிருந்தால் ஏற்கெனவே இழந்தவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. 2023 தொடக்கத்தில் இன்னொரு விதி வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரத்தப் பரிசோதனைகளைத் தோண்டி எடுத்து, இனக் கணக்கு இல்லாமலிருந்தால் என்றைக்குத் தகுதி பெற்றிருப்பார்கள் என்று பார்த்து, அந்த நாளிலிருந்து காத்திருப்பைத் திருத்தித் தர வேண்டும். 14,000க்கும் மேற்பட்டோருக்கு இப்படித் திருத்தம் கிடைத்தது. பறிபோன காலத்தைத் திருப்பித் தந்த ஆராய்ச்சி என்று இதைச் சொல்வேன். படித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரேச்சல் பாட்சர் என்ற ஆய்வாளரின் குழு வேறு படியைப் பார்த்தது. மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளிகளை மிகக் குறைவாக அனுப்பிய 134 டயாலிசிஸ் நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி நிலையங்களில் ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் பயிற்சி தந்தார்கள், அந்தந்த நிலையம் எத்தனை பேரை அனுப்புகிறது என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஓராண்டில் அந்தப் பாதியில் அனுப்பப்படுவோர் கூடினார்கள், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான இடைவெளியும் குறைந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ தேவைப்படவில்லை.

என் வீட்டுக் கதைக்கு நெருக்கமானது பாஸ்டனில் ஜேம்ஸ் ரோட்ரிக் குழு செய்தது. மருத்துவமனையில் தரும் விளக்கத்தை நோயாளியின் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நோயாளி மட்டுமல்ல, உறவினர்களும் நண்பர்களும் கூடியிருக்கும் போது பேசினார்கள். தானம் தர முன்வந்து விசாரித்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அமெரிக்காவிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இன்னொரு வழி: நோயாளி தன் சார்பாகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், அவருக்குப் பயிற்சி தருவார்கள். "எனக்கு உன் சிறுநீரகத்தைத் தா" என்று எந்த மனிதராலும் வாய் திறந்து கேட்க முடியாது என்பதை இந்த இரண்டு குழுவும் புரிந்துகொண்டிருக்கின்றன.

அப்பாவாலும் முடியவில்லை. மூன்றாவது ஆண்டு தீபாவளிக்கு, தாதியாக வேலை பார்க்கும் தூரத்து உறவு அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முறுக்குத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் நலமாக வாழ முடியும் என்று அவர் நிதானமாகத் தமிழில் சொன்னார். கொடுக்க முன்வருபவரை மருத்துவமனையின் நெறிமுறைக் குழு தனியாக விசாரிக்கும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சொன்னார். சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, என்னிடம் யாருமே கேட்கவில்லையே!"

பரிசோதனைக்குப் போனார். அவருக்கும் நீரிழிவு. அதுவரை அவருக்கே தெரியாது. கொடுக்க முடியாது என்றார்கள். அம்மா "என்னுடையதை எடுங்கள்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். அவருக்கு ஏ வகை ரத்தம், அப்பாவுக்கு பி. பொருந்தாத இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ள 2009 முதல் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைப் பேசத் தொடங்குவதற்குள் அப்பாவின் இதயம் அறுவை சிகிச்சையைத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. அவர் 2016இல் காலமானார். அந்த முதல் மூன்று ஆண்டுகளை நான் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா உடனே கை தூக்கியதும் தற்செயல் இல்லை. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே வீட்டுப் பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டால் யார் கை தூக்குவார்கள் என்பதும் ஆராய்ச்சிக்குரிய கேள்விதான், நம் சமூகம் தனக்குத்தானே கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

பி வகை ரத்தம் இந்தியரிடையே ஐரோப்பியரைவிட அதிகம். அதனால்தான் பிரிட்டனில் தெற்காசியர் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது: தேவைப்படுவோர் அதிகம், பொருந்தும் தானம் குறைவு. பெட்ஃபர்ட்ஷியர் பல்கலைக்கழகப் பேராசிரியர் குர்ச் ரந்தாவா பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார், கோயில், மசூதி, குருத்துவாரா என்று மக்கள் கூடும் இடங்களை நாடி. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் கிளைவ் காலெண்டர் 1970களின் இறுதியிலேயே கறுப்பினத்தவரிடம் உறுப்பு தானம் தர ஏன் தயங்குகிறீர்கள் என்று நேராகக் கேட்டவர். கையெழுத்துப் போட்டுவிட்டால் உயிரைக் காப்பாற்ற முயல மாட்டார்களோ என்ற பயம் அவர் கேட்ட காரணங்களில் ஒன்று. சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் தேக்காவில் எங்கள் உறவினர்கள் வாயிலும் அதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் சட்டமே ஒரு காலத்தில் இடைவெளி வைத்திருந்தது. 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மறுப்புத் தெரிவிக்காதவர்கள் விபத்தில் இறந்தால் சிறுநீரகத்தைத் தானம் தரச் சம்மதித்தவர்களாகக் கருதப்பட்டார்கள். முஸ்லிம்கள் இதில் சேர்க்கப்படவில்லை. தாமாக எழுதிக் கொடுத்து உறுதியளிக்காத முஸ்லிம் நோயாளிக்குப் பட்டியலில் முன்னுரிமை குறைந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களையும் இது தொட்டது. 2007இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் இதை அனுமதித்துச் சமயத் தீர்ப்பு வழங்கியது, 2008இல் முஸ்லிம்களையும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவரும் சமய அறிஞரும் ஒரே மேசையில் உட்காராமல் அந்த மாற்றம் வந்திருக்காது. இறந்தபின் தானத்துக்கான இந்தச் சம்மத விதி குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே உள்ளடக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை அனுமதியில் வந்திருக்கும் நம் தம்பிமார்களுக்குச் சிறுநீரகம் கெட்டால் அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று யாராவது எண்ண வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவர் சொன்னதை வீட்டில் வைத்து மறுபடி விளக்குகிறேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் அடுத்த சந்திப்பில் "உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு இவரை அனுப்பியிருக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன்?" என்று கேளுங்கள். மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் மட்டும் விடாதீர்கள், மருத்துவமனையில் தமிழ் பேசும் ஊழியரைக் கேளுங்கள். யீஷூன், செம்பவாங் பக்கம் என்றால் இங்கேயே எழுதுங்கள். சித்தப்பா, சித்தி, மாமா, அத்தை எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வருகிறேன்.