பிவிசி பைப்புல டிட்ஜெரிடூ (ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் ஊதுற நீளக் குழல் வாத்தியம்) செஞ்சன், ரெண்டு இஞ்சி பைப், ஊதினா காத்து மட்டுந்தான் வருது, என்ன பிழை?

தம்பி, பைப் பெருசு. ஒண்டரை இஞ்சி வாங்குங்க. ரெண்டு இஞ்சியில உதடு உள்ளுக்குப் போயிரும், மறுகா எவ்வளவு மூச்சுப் பிடிச்சு ஊதினாலும் காத்துத்தான். நானும் கல்லடியில முதல்ல ரெண்டு இஞ்சித் துண்டுதான் வாங்கினன், ரெண்டு கிழமை ஊதி தலை சுத்தினதுதான் மிச்சம்.

நீளம் நாலரை அடியா வெட்டுங்க. நாலடிக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 70 அதிர்வு வரும், நீளம் கூடினா சுருதி இறங்கும், அதால கொஞ்சம் கொஞ்சமா அரிஞ்சு சுருதி பிடிக்கலாம், வெட்டினதைத் திரும்ப ஒட்டேலாது.

எல்லாத்துலயும் முக்கியம் வாய் வைக்கிற இடம். அந்த ஓட்டை 30 மில்லிமீற்றர் கிட்ட இருக்கோணும், அதைத் தேன்மெழுகாலதான் கட்டோணும். மெழுகுதிரியை உருக்கி ஒட்டாதீங்க, ஆறினா உடைஞ்சு கொட்டும். காட்டுத்தேன் எடுக்கிற ஆக்களிட்ட சொல்லி வைச்சா பிழிஞ்ச தேனடை தருவாங்க, அதைச் சுடுதண்ணியில உருக்கி சீலையால வடிச்சு ஆறவிட்டா மெழுகு மேல கட்டியா நிக்கும். விரல் மொத்தத்துல கயிறு மாதிரி உருட்டி விளிம்பைச் சுத்தி அமத்துங்க, இளக்கமா இருக்கக்குள்ளயே உங்கட வாய்க்கு ஏத்த மாதிரி தடவித் தடவித் திருத்துங்க. இதுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனாலும் பரவால்ல, நல்ல வாய் அமைஞ்சா பைப்பே தானாப் பேசும்.

ஊதக்குள்ள சங்கு ஊதுற மாதிரி உதட்டை இறுக்காதீங்க. சின்னப்பிள்ளை புர்ர்ர் எண்டு வாயால கார் ஓட்டுமே, அவ்வளவு இளக்கம் போதும். மூச்சு விடாம ஊதுறதுக்கு, கன்னத்துல இருக்கிற காத்தைத் தள்ளிக்கொண்டே மூக்கால இழுக்கோணும், மகுடி ஊதுறவங்க செய்றதும் இதுதான். கிளாஸ்ல தண்ணி வைச்சு ஸ்ட்ரோவால குமிழி நிக்காம ஊதிப் பழகுங்க, எனக்கு ஒரு மாசம் எடுத்திச்சு.

இன்னொண்டு, அடிப்பக்கத்தை விரிக்கப் போறன் எண்டு பைப்பை நெருப்புல காட்டாதீங்க, கருகினா ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், நெஞ்சுக்கு நல்லதில்ல. பாவிச்ச பழைய பைப்பும் வேணாம். அரிஞ்ச தூளை உள்ளுக்குக் கழுவிட்டு ஊதுங்க, மூச்சு இழுக்கிற சாமானெல்லோ.

பெயின்ட் அடிக்கிறதெண்டா உங்கட விருப்பப்படி அடிங்க, ஆனா நெட்ல பாத்து ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள்ட சித்திரத்தைக் கீறாதீங்க. அங்க வடக்குல, ஆர்னம் லாண்ட்ல யோல்ங்கு சனம் இதை யிடாக்கி எண்டு சொல்லுவாங்க, கறையான் உள்ளுக்குத் திண்டு கோறையாக்கின யூகலிப்டஸ் மரத்தைத் தட்டித் தட்டித் தேடிப் பிடிச்சுச் செய்றது. சித்திரம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு குலத்துக்குச் சொந்தம். நாம செய்றது பைப், அவங்கட சாமான் வேற, அந்த மரியாதை இருக்கோணும்.

சத்தம் உங்களுக்கே சரியாக் கேக்காட்டி அடி முனையைச் சுவர் மூலைக்கு நேர வைங்க. நான் எங்கட வளவுல கிணத்துக் கட்டுல இருந்து உள்ளுக்கு நீட்டி ஊதுவன், தண்ணியில பட்டு அந்த உறுமல் திரும்பி மேல வரக்குள்ள நெஞ்செலும்பு வரைக்கும் அதிரும்.