இரட்டைத் திரையா, சிக்னலா?

பழைய எல்ஜி ஜி8எக்ஸ் டூயல் ஸ்கிரீன் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் வீட்டுக்குள் ஜியோ ஒரு கோடுதான் காட்டுகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமையில் வாங்க வேண்டாம்.

அந்த போன் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு திரையில் பாடம், இன்னொன்றில் குறிப்பு என்று வைத்துப் படிப்பது உண்மையிலேயே சுகம், 2020 தள்ளுபடி விற்பனையில் 19,990 ரூபாய்க்கு வந்தபோது பலரும் அள்ளியதில் தப்பே இல்லை. ஆனால் அது 4ஜி போன். ஜியோவின் 5ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது, அந்தத் தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே வரும். இந்த போனால் அதைத் தொடவே முடியாது. அப்புறம் இரண்டாவது திரைக்குத் தனி பேட்டரி கிடையாது, இரண்டும் போனின் அதே 4000 எம்ஏஎச் பேட்டரியைத்தான் உறிஞ்சும், சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைப் பிடிக்க இன்னும் அதிகமாகச் செலவழிக்கும்.

வெளிநாட்டு மாடலாக இருந்தால் இன்னொரு ஆபத்து: ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை, வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) வேலை செய்யாவிட்டால் சாதாரண அழைப்பே போகாது. எல்ஜியும் 2021-லேயே போன் தொழிலை விட்டுவிட்டது.

இல்லை, ஆசை விடவில்லை என்றால், சரி, காசு கொடுக்கும் முன் உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்தே ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள்.